கரும்பரிதியின் மூன்றாம் பயணம்

பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் மண்டி வாசலில் சைக்கிளை நிறுத்தி இரண்டு தரம் மணி அடித்தார். உள்ளே இருபத்தாறு பெண்கள் கல்லின் மேல் புளியை வைத்துக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் மணி கேட்க வழியில்லை. ஆனாலும் சென்னம்மாள் கட்டையைக் கீழே போட்டாள்.

"வந்துருச்சுடி," என்றாள்.

இன்னாசிராஜ் எடைமேடையிலிருந்து இறங்கி வந்து கையெழுத்துப் போட்டான். மெட்ராஸ் முத்திரை. பழுப்புக் காகிதம், சணல் கயிறு. கையில் வைத்து அளவு பார்த்தான். முதல் இரண்டு பாகங்களைவிடத் தடிமன்.

"பிரிங்கண்ணா."

"பதினோரு மணிக்கு."

"நாலு வருசம் காத்துக் கெடந்தோம். இன்னும் ரெண்டு மணி நேரமா?"

"நாலு வருசம் இருந்தீங்க. ரெண்டு மணி நேரம் இருக்க முடியாதா? தட்டுங்கக்கா."

"இவுருகிட்ட எமன் வந்தாக்கூட உசுரு பதினோரு மணிக்குத்தான் போவும்," என்று சென்னம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

கிருஷ்ணப்பனின் புளி மண்டி பாலக்கோடு ரோட்டில் இருந்தது. இன்னாசிராஜ் அங்கே எடை போடுகிறவன். சாவிக்கொத்தும் அவனிடம்தான். பதினோரு மணிக்கு மேல் கதை படிப்பதும் அவன்தான். காலையில் தட்டு வேலை. வெயில் ஏறிய பிறகு நார் எடுக்கிற வேலை. நார் எடுப்பதில் சத்தம் இல்லை. சத்தம் இல்லாவிட்டால் பெண்கள் பேசுவார்கள். பேசினால் கை நிற்கும். கதை கேட்டால் கை நிற்பதில்லை என்று கண்டுபிடித்தவர் முதலாளி கிருஷ்ணப்பன். அவரும் மேஜையில் உட்கார்ந்து கேட்பார். கேட்காததுபோல ஏதாவது எழுதிக்கொண்டிருப்பார்.

குடும்பக் கதை, பேய்க் கதை, துப்பறியும் கதை எல்லாம் படித்துப் பார்த்தாயிற்று. அவர்களைப் பிடித்துக்கொண்டது 'கரும்பரிதி'தான். சூரியன் அணைந்துபோகிறது. உலகத்திலுள்ள எல்லாப் பயிரின் விதைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு விண்கப்பல் வேறு சூரியனைத் தேடிப் புறப்படுகிறது. ஓட்டுகிறவள் நீலவேணி. விதை என்றதும் பெண்கள் நிமிர்ந்தார்கள். அவர்களும் நாளெல்லாம் விதையோடுதான் கிடந்தார்கள். அந்தக் கப்பலில் புளியங்கொட்டை உண்டா என்று சென்னம்மாள் கேட்டாள். இன்னாசிராஜ் அதை எழுதி எழுத்தாளருக்கு ஒரு கடிதம் போட்டான். இரண்டாம் பாகத்தில், பன்னிரண்டாம் பக்கத்தில், புளியங்கொட்டை இருந்தது. அன்று மண்டியில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

அந்தப் பாகம் முடியும்போது நீலவேணி கப்பலைக் கரும்பரிதிக்குள்ளேயே திருப்பினாள். அதோடு எழுத்தாளர் நிறுத்திவிட்டார். நாலு வருஷம். இதற்கிடையில் வானத்தில் வால்நட்சத்திரம் தெரியும் என்று பேப்பரில் போட்டார்கள். பெண்கள் விடியலில் எழுந்து கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் காணோம் என்று இன்னாசிராஜைத் திட்டினார்கள். வானத்துச் சமாச்சாரம் எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு.

ஒரு சட்டம் இருந்தது. யாரும் முன்னால் படிக்கக் கூடாது. இன்னாசிராஜும் கூடாது. இரண்டாம் பாகத்தை அவன் வீட்டில் படித்துவிட்டு வந்திருந்தான். சோகம் வருவதற்கு நாலு பக்கம் முன்னாலேயே அவன் குரல் இறங்கிவிட்டது. சென்னம்மாள் பிடித்துவிட்டாள். "நீங்க தின்னுட்டு எச்சிய எங்களுக்கு ஊட்டறீங்க," என்றாள். அவன் அழாத குறை. அன்றிலிருந்து எந்தப் புத்தகமானாலும் எல்லோர் முன்னாலும் கயிறு அறுக்க வேண்டும். அவர்கள் கேட்கும்போதுதான் அவனும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தத் தடவை இன்னொன்றும் இருந்தது. தை மாதம் எழுத்தாளரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'உங்கள் யோசனை ஒன்றை மூன்றாம் பாகத்தில் எடுத்துக்கொண்டேன். நன்றி.' அவ்வளவுதான். இன்னாசிராஜ் அதை மண்டி முழுக்கக் காட்டினான். முதலாளியிடமும் காட்டினான். என்ன யோசனை என்று கேட்டவர்களிடம், விதை பிரிக்கிற மிஷின் என்றான். கார்டு வருவதற்குப் பத்து நாள் முன்னால்தான் அந்த மிஷினைப் படம் போட்டு அனுப்பியிருந்தான். அதற்கு முன் அனுப்பிய கடிதங்கள் பதினைந்து. அவற்றில் ஒன்றை அவன் மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினோரு மணிக்குக் கயிற்றை அறுத்தான்.

அட்டையில் கறுப்பு வட்டம். அதற்கு நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம். அதைத் தூக்கிப் பிடித்து இடமும் வலமும் காட்டினான். கடைசி வரிசைவரை கழுத்துகள் நீண்டன. தூணோரம் தீர்த்தம்மாள் மட்டும் பார்த்தும் பார்க்காமலும் நாரை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். ஆனால் ஒரு வரியையும் விடமாட்டாள். மறுநாள் யாராவது மறந்து கேட்டால் முந்தைய நாள் கதையை வார்த்தை பிசகாமல் சொல்வாள். படிக்கத் தெரியாது.

"மொதல்ல நீலவேணி," என்றாள் சென்னம்மாள். "அவ இருக்காளா இல்லியா, அதச் சொல்லிப்புட்டு மத்தத படிங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?"

முதல் வரியிலேயே நீலவேணி இருந்தாள். 'நான் சாகவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று' என்று புத்தகம் ஆரம்பித்தது. மண்டியில் ஒரு கூச்சல் எழுந்தது. யாரோ கைதட்டினார்கள். கிருஷ்ணப்பன் பேனாவைத் தூக்கிப் பார்த்தார்.

"சும்னிரும்மா. கை ஓடட்டும்."

"மொதலாளி, அவ இருக்காளாம்."

"காதுல வுழுந்துச்சு. கை ஓடட்டும்."

இன்னாசிராஜ் படித்தான். இரண்டு அத்தியாயம் ஓடியது தெரியவில்லை. எழுத்தாளர் மாறியிருந்தார். முன்பெல்லாம் ஒரு நட்சத்திரத்தைச் சொல்ல அரைப் பக்கம் எடுத்துக்கொள்வார். இப்போது ஒரே வாக்கியம். முன்பு ஆச்சரியக்குறி நிறைய இருக்கும். இப்போது ஒன்றுகூட இல்லை. எதையோ கேட்டுப் பயந்துபோன மனிதன் தணிந்த குரலில் பேசுவதுபோல இருந்தது. மூன்றில் இதுதான் சிறந்தது என்று மூன்றாம் அத்தியாயத்துக்குத் திருப்பும்போது இன்னாசிராஜ் நினைத்தான். உடம்பு சிலிர்த்தது. எழுந்து நின்று படிக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

மூன்றாம் அத்தியாயத்தில் கப்பலின் விதை அறைக்குள் வண்டு வந்துவிட்டது. தளபதி நஞ்சுக்காற்று ஏற்றச் சொல்கிறான். அறையைப் பூட்ட வேண்டியவனுக்குப் பெயர் இல்லை. சாவிக்காரன் என்று மட்டும் இருந்தது.

வாய் ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போது கண் நாலு வரி முன்னால் போயிருக்கும். அது படிக்கிறவர்களின் பழக்கம். அவன் கண் அங்கே போய் நின்றது.

"தண்ணி," என்றான்.

யாரோ செம்பைக் கொடுத்தார்கள். மெதுவாகக் குடித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண்டியின் பின்பக்கத்தில் கொட்டை மூட்டைகள் அடுக்கிய அறை ஒன்று இருக்கிறது. விதை ரூம் என்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கே நஞ்சுக்காற்று விடுகிற பூச்சி மாத்திரை வைத்து மூன்று நாள் மூடுவார்கள். பெண்கள் வராத நாளாகப் பார்த்து ஞாயிறன்று வைப்பார்கள். இன்னாசிராஜ் பூசை முடிந்து நேராக வந்தான். கிருஷ்ணப்பன் மாத்திரையை வைத்துவிட்டு வெளியே வந்தார். இவன் கதவைச் சாத்தித் தாழ் போட்டுப் பூட்டினான். இருவருமாக இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டினார்கள். பசைச் சட்டியைக் கழுவும்போது சத்தம் கேட்டது. உள்ளிருந்து. புளி தட்டுகிற கட்டையின் சத்தம். உபரிக் கட்டைகளை அந்த அறை மூலையில்தான் போட்டு வைப்பார்கள்.

"எலி," என்றார் கிருஷ்ணப்பன். "மாத்திர வேல செய்யுது."

சாவி இவன் கையில் இருந்தது. திறந்தால் காற்று போய்விடும். மாத்திரை வீண். மறுபடி டவுனுக்குப் போய் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். அவன் முதலாளி முகத்தைப் பார்த்தான். முதலாளி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தம் நின்றது. இவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான்.

புதன்கிழமை திறந்தார்கள். கதவுக்குப் பின்னால் தர்மன் கிடந்தான். மூட்டை தூக்குகிறவன். சனிக்கிழமை பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. அவன் கையிலிருந்த கட்டையை இன்னாசிராஜ்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தான். விபத்து என்று எழுதினார்கள். தூக்கத்திலேயே போய்விட்டான், ஒன்றும் தெரிந்திருக்காது என்று பெண்டாட்டியிடம் சொன்னார்கள். சொன்னவன் இன்னாசிராஜ். அடுத்த மாதம் அவளுக்கு மண்டியில் வேலை கொடுத்தார்கள். "தூக்கத்துல போனாரு, அந்த மட்டுக்கும் புண்ணியம்," என்று அவள் யாரிடமாவது சொல்லும்போதெல்லாம் இவன் எடைக்கல்லை எடுக்கக் குனிந்துகொள்வான்.

அவள்தான் தீர்த்தம்மாள்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். வரிசையில் அவனுக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டான். சாமியாருக்கு அவன் குரல் தெரியும். அன்று வீட்டில் உட்கார்ந்து ஒன்பது பக்கம் எழுதினான். மெட்ராசுக்கு. 'ஐயா, நம் கப்பலின் விதை அறையில் இப்படி ஒரு காட்சி வைத்தால் எப்படி இருக்கும்' என்று ஆரம்பித்தான். பெயர்களை மட்டும் மாற்றினான். மெட்ராஸ் எங்கே, தர்மபுரி எங்கே. அதுவும் கதை, அதுவும் ஆகாயத்தில். எழுதி முடித்ததும் கொஞ்சம் தூங்க முடிந்தது. பதில் வரவில்லை. நல்லதாயிற்று என்று விட்டுவிட்டான்.

செம்பைக் கீழே வைத்தான்.

"என்னாச்சுண்ணா? சாவிக்காரன் பூட்டுனானா?"

"பூட்டுனான்."

கண்ணை அந்தப் பத்தியின் கீழே இறக்கி, அடுத்த பத்தியிலிருந்து படித்தான். நாலு வரி போவதற்குள் சென்னம்மாள் கையை உயர்த்தினாள்.

"தாவுது."

"என்ன தாவுது?"

"கதை தாவுது. பக்கத்த இவ்வளவு சீக்கிரம் திருப்ப மாட்டீங்களே நீங்க. அந்தப் பக்கம் பாதிதான் ஆச்சு."

"பூட்டுன கையோட ஊணு திங்கப் போயிட்டான்னு வருது," என்றாள் இன்னொருத்தி. "நடுவுல எதையோ வுட்டுட்டீங்க."

தீர்த்தம்மாள் நிமிர்ந்தாள். "மேலேர்ந்து படிங்கண்ணா."

வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. வண்டு செத்தது, கதவு திறந்தது என்று நாலு வாக்கியம் போதும். அவன் வாயைத் திறந்தான். ஆனால் கண் முன்னால் அச்சில் இருந்த வாக்கியம் நன்றாக இருந்தது. அவன் ஒன்பது பக்கத்தில் சொன்னதை அந்த மனிதர் பத்து வரியில் சொல்லியிருந்தார். ஏழு வருஷமாக அவருடைய ஒரு வார்த்தையைக்கூட அவன் மாற்றிப் படித்ததில்லை. மேலே போய்ப் படித்தான்.

"'ஓய்வு நாளில் கப்பலில் வேலை ஓசை கேட்கக் கூடாது. அதனால்தான் சாவிக்காரனுக்கு அது உடனே கேட்டது. கையால் தட்டுகிற ஓசை அல்ல. மரக்கட்டையால். ஒரே சீராக. வருஷக்கணக்காக அந்த ஓசையைக் கேட்டுப் பழகியவன் தட்டுவதுபோல.'"

நார் உரிக்கிற கைகள் நின்றன. கிருஷ்ணப்பன் அதட்டவில்லை.

"'எலிகள், என்றான் தளபதி. சாகும்போது துள்ளும். ஒட்டிய காகிதத்தில் பசை இன்னும் காயவில்லை. சாவி கையில் இருந்தது. சாவிக்காரன் திறக்கவில்லை. எண்ணினான். நாற்பத்தொன்று. பிறகு ஒன்றும் இல்லை.'"

எண்ணியதை அவன் கடிதத்தில் எழுதியிருந்தான். எழுதியது அவனுக்கே மறந்திருந்தது.

"அடப்பாவி," என்றாள் சென்னம்மாள். "உள்ள ஆளு இருக்குதுடா."

"தெரிஞ்சேதான் நிக்கறான் அவன்."

"அந்தத் தளபதி நாசமாப் போவ."

"தளபதி கெடக்கறான், சாவி யாரு கையில இருக்குது? அத்தச் சொல்லு."

அவர்களுக்கு அது கதை. நீலவேணிக்கு அழுததுபோல முகம் தெரியாத ஒருவனுக்காக ஆத்திரப்பட்டார்கள். இன்னாசிராஜ் தூணோரம் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. தீர்த்தம்மாள் மடியிலிருந்த புளியைக் கூடையில் போட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"எந்த நாளுன்னு போட்டிருக்குது?" என்றாள்.

"ஓய்வு நாள்."

"ஞாயித்துக்கெழமையா?"

"கப்பல்ல கெழமை ஏது."

"சாப்பாட்டு நேரம்," என்றார் கிருஷ்ணப்பன்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுகூட ஆகவில்லை. பெண்கள் கத்தினார்கள். அவர் எழுந்து வந்து இன்னாசிராஜின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். மேஜையின் இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டுப் பூட்டினார்.

"நானும் கொஞ்சம் படிச்சுப் பாக்கறேன். போய்ச் சாப்புடுங்க, போங்க."

பெண்கள் தூக்குப்போசிகளை எடுத்துக்கொண்டு முணுமுணுத்தபடி வெளியே போனார்கள். ரோட்டோரப் புளியமரத்து நிழலில் அவர்கள் சத்தம் தொடர்ந்து கேட்டது. சாவிக்காரனை என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு தண்டனை சொன்னார்கள்.

கிருஷ்ணப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"மெட்ராஸ்காரனுக்கு என்னான்னு எழுதுன?"

"கதைன்னுதாங்க எழுதுனேன்."

"என் பேரு?"

"இல்லீங்க."

"அவ புருசன் பேரு?"

"யாரு பேரும் இல்லீங்க."

"அப்ப கதைதான." ரோட்டைப் பார்த்தார். "கதைய இன்னும் எத்தன பேருக்குச் சொல்லியிருக்கற?"

"யாருக்கும் சொல்லலீங்க."

"சாமியாருக்கு?"

இல்லை என்று இன்னாசிராஜ் தலையை ஆட்டினான்.

கிருஷ்ணப்பன் ரொம்ப நேரம் அவனைப் பார்த்தார். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை. புளியின் ஈரப்பதம் பார்க்கும்போது வருகிற முகம்.

"விதை ரூமுல மறுபடி வண்டு வந்திருக்குது. இன்னைக்கே மாத்திர வெச்சுரலாம். நான் வூட்டுக்குப் போயி எடுத்துட்டு வர்றேன். நீ உள்ள போயி மூட்டைய ஒரு தரம் நல்லாப் பாத்துட்டு இரு. பின்னால வரைக்கும் போயிப் பாரு."

"ஞாயித்துக்கெழமைதானங்க வெப்போம்."

"இன்னைக்கு வெப்போம்," என்றார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

இன்னாசிராஜ் பின்பக்கம் போனான். பூட்டைத் திறந்து நாதாங்கியில் தொங்கவிட்டான். கதவைத் தள்ளியதும் புளியங்கொட்டையின் புழுங்கிய வாசனை வந்தது. அறைக்கு ஜன்னல் கிடையாது. வாசல் வழியாக வருகிற வெளிச்சம் மூன்றாவது அடுக்கு வரை போகும். அதற்குப் பின்னால் இருட்டு. இந்த இரண்டு வருஷத்தில் அவன் மூன்றாவது அடுக்கைத் தாண்டியதில்லை. ஏற்ற இறக்க ஆள் வரும்போது வாசலிலேயே நின்று கணக்குச் சொல்வான்.

இன்று தாண்டினான். முதலாளி சொன்னார் என்பதற்காகத்தான். மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. தரை சில்லென்று இருந்தது. உபரிக் கட்டைகள் மூலையில் குவிந்திருந்தன.

வெளிச்சம் குறைந்தது. திரும்பினான். வாசலில் தீர்த்தம்மாள் நின்றிருந்தாள். சாப்பிட்டவள்போல இல்லை.

"அண்ணா."

"சாப்புடலியா?"

"அந்தப் புஸ்தகத்துல உங்களுது எது?"

"அதான் சொன்னேனே. விதை பிரிக்கற மிஷினு."

"அது இன்னும் வரலியே."

"அடுத்த அத்தியாயத்துல வருது."



"நீங்கதான் முன்னாடி படிக்க மாட்டீங்களே," என்றாள்.

வெளியே பெண்கள் எதற்கோ சிரித்தார்கள். இன்னாசிராஜ் மூட்டையின் மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"அவுர நான்தான் குளிப்பாட்டுனேன்," என்றாள் தீர்த்தம்மாள். "வலது கையில, உள்ளங்கையில, கொப்புளம். ஒடஞ்ச கொப்புளம். மூட்ட தூக்கற கையி காச்சுப் போயிருக்குமே, கொப்புளம் ஏன் வருதுன்னு கேட்டேன். உங்களத்தான் கேட்டேன். ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"என்னா சொன்னீங்க?"

"புது மூட்ட, சணல் கிழிச்சிருக்கும்னேன்."

"ஆமா. அப்புறம் நான் கேக்கல. தூக்கத்துல போனாருன்னு சொன்னீங்க. எனக்கும் அது தேவையா இருந்துச்சு. சண்ட போட்டு அனுப்புனவ நான்தான." கதவின் விளிம்பில் கையை வைத்தாள். "நாப்பத்தொண்ணா?"

இல்லை என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. அது கதை, எழுத்தாளர் போட்ட எண் என்று சொல்லலாம். அவள் ஒருவேளை நம்பக்கூடச் செய்வாள். அவளுக்கு அது தேவையாக இருந்தால்.

"நாப்பத்தொண்ணு," என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். சந்தையில் விலை ஒத்துக்கொள்வதுபோல.

"மொதலாளி எலின்னு சொன்னாரா? கதையில சொல்றானே, அது மாதிரி?"

"சொன்னாரு."

"உங்களுக்கும் எலி மாதிரிதான் கேட்டுச்சா?"

"தீர்த்தம்மா, நான் வெளிய வர்றேன். வெளிய வந்து எல்லாத்தையும்—"

"அங்கியே இருங்க."

கதவு மெதுவாகச் சாத்தியது. அவள் தள்ளியதுபோலவே இல்லை. காற்றுக்குச் சாத்திக்கொள்கிற கதவுபோல வந்து நிலையில் உட்கார்ந்தது. தாழ் விழுகிற சத்தம் கேட்டது. சாவிக்கொத்து அவன் இடுப்பில் இருந்தது. தாழ் வெளியே இருந்தது.

இருட்டு உடனே முழுசாக வந்துவிட்டது. அவன் மூட்டைகளைத் தடவித் தடவிக் கதவுக்கு வந்தான். இடுக்கில் ஒரு நூல் வெளிச்சம். அதில் அவள் புடவையின் நிறம் தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். மாத்திரை இல்லை. காகிதம் ஒட்டவில்லை. ரோட்டில் இருபத்தைந்து பேர் இருக்கிறார்கள். முதலாளி வீட்டுக்குப் போய் வர அரை மணி ஆகும். முதலாளி வரும்போது கையில் என்ன இருக்கும் என்பதும், வந்து தாழைத் திறக்கச் சொல்வாரா என்பதும் அவனுக்கு அதற்குப் பிறகுதான் தோன்றியது.

"தீர்த்தம்மா."

"தட்டுங்கண்ணா," என்றாள் கதவுக்கு அந்தப் பக்கம். குரல் மிக அருகில் இருந்தது. "வெளிய எப்படிக் கேக்குதுன்னு நான் பாக்கணும்."

கையால் தட்டினான்.

"கையால இல்ல."

மூலைக்குத் திரும்பிப் போனான். குனிந்து தேடினான். கையில் அகப்பட்ட முதல் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். பிடி வழவழப்பாக, எத்தனையோ கைகள் பிடித்துத் தேய்ந்து, இருந்தது. ஓங்கிக் கதவில் ஒரு அடி அடித்தான். அறைக்குள் அது இடிபோலக் கேட்டது.

"ஒண்ணு," என்றாள் அவள்.

மறுபடி அடித்தான்.

"ரெண்டு."

பத்தைத் தாண்டியபோது ரோட்டுப் பக்கம் பெண்களின் பேச்சு நின்றது. காலடிச் சத்தம் வந்தது. சென்னம்மாளின் குரல் என்னடி இது என்று கேட்டது. தீர்த்தம்மாள் எண்ணிக்கொண்டிருந்தாள். காலடிகள் கதவுக்கு முன்னால் வந்து ஒவ்வொன்றாக நின்றன. இடுக்கிலிருந்த வெளிச்சம் புடவைகளால் மறைந்தது. யாரும் தாழில் கை வைக்கவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பதினோரு மணிக்கு மேல் கேட்பதுபோல.

அவன் தோள் வலித்தது. உள்ளங்கை எரிய ஆரம்பித்தது. நாற்பத்தொன்றுக்குப் பிறகு சாவிக்காரனை எழுத்தாளர் என்ன செய்தார் என்பது முதலாளியின் இழுப்பறைக்குள் இருந்தது. ஒரு கதையில் அடுத்தது என்ன என்று தெரிந்துகொள்ள அவன் விரும்பாதது இதுதான் முதல் தடவை.

"இருவத்தாறு," என்றாள் தீர்த்தம்மாள். "நிறுத்தாதீங்கண்ணா."

தூரத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவன் கட்டையை ஓங்கினான்.